குடெனோவில் வள்ளம் விட்ட கோடை

வள்ளம் வாடகைக்கு விடுவது என்பது, மற்றவர்களின் ஞாயிற்றுக்கிழமையை உங்கள் தோளில் தூக்கி வண்டியில் ஏற்றுகிற தொழில். அலுமினிய வள்ளம் ஒன்று என்ன பாரம் இருக்கும் என்று எந்த வாடிக்கையாளரும் கேட்பதில்லை. இரவில் முதுகு தானாகவே சொல்லும். சம்பளத்துக்காகப் பிறர் உல்லாசத்தைச் சுமந்தவர்கள் மேலே வாசியுங்கள். மற்றவர்களும் வாசிக்கலாம், ஆனால் கொஞ்சம் அனுதாபப்பட வேண்டும்.

ஊரில், இலங்கையில், யுத்தம் முடிந்த அதே வசந்தத்தில்தான் டென்மார்க்கின் ஹேர்னிங்கில் நான் பல வருடம் வேலை செய்த துணி ஆலையும் மூடப்பட்டது. அடுத்த இயந்திரத்தில் நின்ற குணம் அண்ணையும் நானும் சேர்ந்தே வேலை தேடினோம். குடெனோ ஆற்றின் மேற்பகுதியில், கோடை முடியும் வரை வள்ளம் ஏற்றி இறக்கும் வேலை கிடைத்தது. டென்மார்க்கின் மிக நீளமான ஆறு அது. எங்கள் ஆட்களிடம் அந்த மேற்பகுதியைக் காட்டினால் 'நல்ல வாய்க்கால்' என்று பாராட்டுவார்கள். இரண்டு பக்கமும் புல்வெளி, புல்வெளியில் மாடுகள். ஆற்றுக்கு எந்த அவசரமும் இல்லை. ஒரே வெள்ளைத் தேவாலயத்தை மூன்று வளைவில் மூன்று தரம் காட்டிவிட்டுத்தான் நகரும்.

குணம் அண்ணைக்கு ஒரே தங்கச்சி, லலிதா. யுத்தத்தின் கடைசி மாதங்களில் புருஷனோடும் மகளோடும் வன்னிக்குள் அகப்பட்டுக்கொண்டவள். வவுனியா அகதி முகாமில் தண்ணீர் வரிசையில் அவளைக் கண்டதாக ஒருவர் சொன்னார். அவர் மூலம் அண்ணையின் நம்பரும் உள்ளே போயிருந்தது. முகாமில் போன் வைத்திருக்க விடமாட்டார்கள். யாரோ ஒளித்து வைத்திருக்கும் போனில், யாரோ இரங்கித் தரும் இரண்டு நிமிடத்தில்தான் அவள் அழைப்பு எடுக்க முடியும். தவறவிட்டால் திருப்பி எடுக்க வழியில்லை. ஆகவே அந்தக் கோடையில் குணம் அண்ணைக்கு இரண்டு வேலை. ஒன்று வள்ளம், மற்றது அந்த அழைப்புக்குக் காத்திருப்பது.

தொப்பிக்குள் மணி

முதலாளி கியர்ஸ்டன், ஐம்பது தாண்டிய, உயரமான பெண். கொட்டகைச் சுவரில் அவர் எழுதிய பதினொரு விதிகள் தொங்கின. இரண்டு இடத்தில் கமா பிழை என்று முதல் நாளே நான் சுட்டிக்காட்டினேன். அப்படியிருந்தும் என்னை வேலையில் வைத்துக்கொண்டார். ஏழாவது விதி: வேலையாட்கள் போனை அலுவலக மேசை லாச்சிக்குள் வைத்துவிட்டுத்தான் ஆற்றுக்குப் போக வேண்டும். முந்திய வருடங்களில் ஆற்றின் அடியில் போய்ச் சேர்ந்த போன்களின் நினைவாக எழுதப்பட்டது.

குணம் அண்ணை விதியை மதிக்கிற மனிதர். போனை மூன்று பிளாஸ்ரிக் பைகளில் சுற்றித் தொப்பிக்குள் வைத்துக்கொண்டு, லாச்சியை மரியாதையாகக் கடந்து போனார். முதல் வாடிக்கையாளரின் வள்ளத்தைத் தள்ளக் குனிந்தபோது தலை மணி அடித்தது. அழைப்பு எடுத்தது அவருடைய மனைவி, அவர் மத்தியானச் சாப்பாட்டை மேசையில் விட்டுப் போனதைச் சொல்ல. கியர்ஸ்டன் வந்து நின்றார். நான் லலிதாவின் கதை முழுவதையும், உப வாக்கியங்கள் ஒன்றும் குறையாமல், டெனிஷில் விளக்கினேன். அவர் உள்ளே போய் ஏழாவது விதிக்குக் கீழே 'குணத்தைத் தவிர' என்று எழுதிவிட்டு வந்தார். "இங்கே யாரும் விதியை மீறுவதில்லை," என்றார். "அதனால் விதியைத் திருத்திவிட்டேன்."

சொற்பொழிவு

ஆட்களை ஆற்றில் இறக்குமுன் மூன்று நிமிட விளக்கம் கொடுப்பது என் பொறுப்பு. ஊரில் பள்ளிக்கூட மாஸ்டராக இருந்தவன் நான்; தெரிந்த விஷயத்தைச் சொல்லாமல் விடுவது எனக்குப் பெரிய சிரமம். வட அமெரிக்க ஆதிக்குடிகள் மரப்பட்டையில் இந்தக் கனோ வள்ளத்தைச் செய்த விதம், தமிழில் தோணி, ஓடம், அம்பி, புணை, நாவாய் என்று மிதக்கும் ஒவ்வொன்றுக்கும் தனிப் பெயர் இருப்பது, டெனிஷ்காரர் எல்லாவற்றையும் ஒரே பெயரில் சமாளிப்பது ஆகியவற்றைச் சொல்லி முடிக்கப் பதினைந்து நிமிடம் பிடித்தது. "மாஸ்டர், ஆத்தில தண்ணி வத்தப்போகுது," என்று குணம் அண்ணை பின்னால் நின்று முணுமுணுப்பார்.

ரண்டர்ஸிலிருந்து வந்த ஓய்வுபெற்ற தபால்காரர் ஒருவர் மட்டும் கடைசி வரை தலையாட்டிக் கேட்டார். எனக்கு உள்ளம் குளிர்ந்தது. முடிந்ததும் கை தந்தார். "மிக்க நன்றி. இதை யார் கண்டுபிடித்தார்கள், எதனால் செய்தார்கள், எத்தனை பெயர் என்றெல்லாம் இப்போது தெரியும். இதில் முன்பக்கம் எது?"

நேருக்கு நேர்

வள்ளத்தில் இருவரும் ஒரே திசையைப் பார்த்து உட்கார வேண்டும். ஒரு வயதான தம்பதி, முகம் பார்த்துப் பேச வசதி என்று எதிரெதிரே உட்கார்ந்தார்கள். நான் ஆட்சேபித்தேன். கணவர் தான் கடற்படையில் இருந்தவர் என்று சொல்லி என் வாயை அடைத்தார். இருவரும் முழுப் பலத்துடன் முன்னோக்கித் துடுப்பு வலித்தார்கள். வள்ளம் ஒரு மணித்தியாலம் அதே இடத்தில், சாட்சியாக நின்ற ஒரு பசுவின் முன்னால், மெதுவாகச் சுழன்றது.

குணம் அண்ணை தண்ணீருக்குள் இறங்கி அவர்களைக் கரைக்கு இழுத்து வந்தார், ஒரு கையால் வள்ளத்தையும் மறு கையால் தொப்பியையும் பிடித்தபடி. அந்த அம்மா இறங்கும்போது கொஞ்சமும் கோபப்படவில்லை. "நாற்பது வருடமாக இப்படித்தான் குடும்பம் நடத்துகிறோம்," என்றார். "தண்ணீரில் வைத்துப் பார்த்தது இன்றுதான்."

பத்திரிகைச் சந்தா

யூலை முழுவதும் லலிதாவின் அழைப்பு வரவே இல்லை. குணம் அண்ணை அரை மணிக்கொருமுறை பைகளைப் பிரித்து, வெளிச்சம் இருக்கிறதா, சிக்னல் கம்பிகள் எத்தனை காட்டுகிறது என்று பார்த்து, திரும்பச் சுற்றி வைப்பார். போன் பழுதாகிவிட்டதோ என்று, ஒருநாள் வேலை முடிந்ததும் நான் என் போனிலிருந்து அவருக்கு எடுத்துச் சோதித்தேன். "வையும் மாஸ்டர்! நீர் லைனைப் பிடிச்சுக்கொண்டு நிக்கேக்க அவள் எடுத்தால்?" என்று பாய்ந்தார். அதன் பிறகு அவருடைய வீட்டாரும் எடுப்பதை விட்டார்கள்.

ஒருநாள் துடுப்புகளைக் கழுவிக்கொண்டிருந்தபோது அடித்தது. அவர் ஓடிய ஓட்டத்தில் இரண்டு வாளி கவிழ்ந்தது. பேசியது ஒரு டெனிஷ் இளைஞன், பத்திரிகைக்குச் சந்தா சேர்க்கிறவன். இப்படிப்பட்டவர்களை நாம் எல்லோரும் எப்படி நடத்துவோம் என்பது உங்களுக்குத் தெரியும். குணம் அண்ணை அவன் சொன்ன தள்ளுபடி முழுவதையும் பொறுமையாகக் கேட்டார். பிறகு தன் உடைந்த டெனிஷில் சொன்னார்: "எனக்குப் பத்திரிகை வேண்டாம். ஆனால் நாளைக்கும் எடு மகனே, அரை நிமிடம் மட்டும். போன் வேலை செய்கிறது என்று அப்போது எனக்குத் தெரியும்."

கறிக்கு ஒரு வள்ளம்

யுத்தத்தில் செத்தவர்களுக்காக அந்த வருடம் எங்கள் ஆட்கள் யாரும் விழா வைக்கவில்லை. பிறந்தநாளுக்குக் கேக் வெட்டினால்கூட யன்னலைச் சாத்திவிட்டு வெட்டினார்கள். அதனால் கோல்டிங்கிலிருந்து நாலு தமிழ்க் குடும்பங்கள் வள்ளம் விட வந்தபோது, எங்களைக் கண்டதும் களவு செய்து பிடிபட்டவர்கள் மாதிரி நின்றார்கள். எல்லோரும் ஒரே பெந்தெகொஸ்தே சபைக்காரர். தலைமை தாங்கியவர் மங்கை அக்கா, முதியோர் இல்லத்தில் வேலை செய்கிறவர். "சந்தோஷத்துக்கு வரேல்ல தம்பி," என்று நான் கேட்காமலே சொன்னார். "பிள்ளையள் லீவில வீட்டுக்குள்ளயே கிடக்குதுகள்." ஏறுமுன் ஜெபம் நடந்தது. செங்கடலைக் கடக்கப் போதுமான ஜெபம். அதில் லலிதாவுக்காகவும் வேண்டினார்கள். கழுத்தில் உருத்திராட்சம் போட்ட குணம் அண்ணைதான் எல்லோரையும் விட உரத்து ஆமென் சொன்னார்.

பிறகுதான் காரிலிருந்து சாமான் இறங்கியது. டெனிஷ் குடும்பம் ஒன்று ஆற்றுக்கு வந்தால் ஆளுக்கு இரண்டு துண்டு கறுப்புப் பாண் கொண்டுவரும். இவர்கள் கொண்டுவந்தது ஒரு பானை கோழிக்கறி, ஒரு பானை சோறு, ஓலை நீத்துப்பெட்டி நிறையப் புட்டு. பானைகளோடு ஏறிய முதல் வள்ளம் பத்தடி போய் மணலில் தட்டி நின்றது. இறங்கித் தள்ளினால் சரிந்தது. கறி ஆற்றைப் பார்த்தது. மங்கை அக்கா போட்ட சத்தத்தில் அக்கரை மாடுகள் இடம் மாறின.

கடைசியில் கறிக்குத் தனி வள்ளம் என்று முடிவாயிற்று. அக்கா வாடகை கட்டினார்; நடுவில் பானையை வைத்து, அதற்கு ஒரு மிதவைச் சட்டை மாட்டி, வாரை இறுக்கி, அக்காவின் வள்ளத்தின் பின்னால் கயிற்றில் கட்டினோம். எதிர்க்கரையில் தூண்டில் போட்டுக்கொண்டிருந்த டெனிஷ்காரர் ஒருவர், பிள்ளைகளில் பாதிப் பேர் மிதவைச் சட்டையைக் கழற்றிவிட்டார்கள், பானை மட்டும் ஏன் போட்டிருக்கிறது என்று கேட்டார். அக்காவின் மகள் அதைச் சிரிப்புக்கிடையில் மொழிபெயர்த்தாள். எனக்குச் சிரிக்க நேரமில்லை. கழற்றிய சட்டைகளைத் தேடிப் பொறுக்கிப் பிள்ளைகளுக்குத் திரும்ப மாட்டினேன். அக்கா துடுப்பை மடியில் வைத்துவிட்டு, ஆற அமரப் பதில் சொன்னார்: "பிள்ளையளுக்கு நீச்சல் பழக்கியிருக்கு எண்டு சொல்லு. கறிக்கு ஒருத்தரும் பழக்கேல்ல."

சொல்லிவிட்டு அவரே சிரித்தார். நாலு குடும்பமும் சிரித்தது. யன்னல் இல்லாத இடம், சாத்த முடியவில்லை.

சிக்னல் உள்ள இடம்

ஓகஸ்ட் கடைசியில் ஒரு பின்னேரம், பாதி வழியில் களைத்துப்போய் பஸ்ஸில் திரும்பிய சிலர் விட்டுச் சென்ற வள்ளத்தைக் கொண்டுவரப் போய், நாங்கள் இருவரும் அதிலேயே ஏறி ஆற்று வழியே போனோம். முன்னால் குணம் அண்ணை, பின்னால் நான். நாணல் ஓரத்தில் ஒரு கொக்கு அசையாமல் நின்றது. துடுப்பிலிருந்து சொட்டும் தண்ணீரைத் தவிர வேறு சத்தமில்லை. நாங்கள் அந்த வழியை முதன்முறையாக வாடிக்கையாளர் மாதிரிப் பார்த்துக்கொண்டு போனோம்.

அப்போது அடித்தது. அவர் பைகளைப் பல்லால் கிழித்தார். நீளமான, தெரியாத நம்பர். "ஹலோ" என்றார்; இரைச்சல். "ஹலோ, ஆர்?" இரைச்சலுக்குள் ஒரு பெண் குரல் துண்டு துண்டாக வந்தது. வள்ளத்தில் எழும்பி நிற்கக்கூடாது என்று அந்தக் கோடை முழுவதும் ஆயிரம் பேருக்காவது சொன்ன மனிதர், சிக்னல் தேடி விறைப்பாக எழும்பி நின்றார். அடுத்த கணம் இருவரும் ஆற்றுக்குள். நான் முழுவதும் மூழ்கி எழுந்தேன். அவர் இடுப்பளவு தண்ணீரில், போன் பிடித்த கையை வானத்துக்கு நீட்டியபடி நின்றார். கை மட்டும் நனையவில்லை.

"ஓம் பிள்ளை, அண்ணைதான்... இப்ப நல்லாக் கேக்குது, கதை. மகளும் பக்கத்திலயோ? சாப்பிட்டனியளோ?... மச்சான்?" போனைக் காதோடு இன்னும் இறுக்கிக்கொண்டார். "சரி. தெரிய வரும். விசாரிப்பம், நான் இஞ்ச இருந்து விசாரிக்கிறன்... நானோ? நான் ஆத்துக்குள்ள நிக்கிறன். இல்லையடி, உண்மையா ஆத்துக்குள்ள!" போனுக்குள் அவள் சிரித்தது எனக்கே கேட்டது. அத்துடன் லைன் போயிற்று.

கியர்ஸ்டனின் வள்ளம் எங்கள் இருவரையும் விட்டுவிட்டு முதல் வளைவைத் தாண்டிப் போய்க்கொண்டிருந்தது. வாங்கோ அண்ணை, பிடிப்பம் என்று கையைப் பிடித்து இழுத்தேன். அவர் அசையவில்லை. கால்களைச் சேற்றில் இன்னும் ஊன்றிக்கொண்டு, நனைந்த முகத்தைத் துடைக்காமல் சொன்னார்: "நீர் போய் வள்ளத்தைப் பிடியும் மாஸ்டர். அவள் திருப்பி எடுத்தாலும் எடுப்பாள், எனக்கு இந்த இடத்திலதான் நாலு கம்பி காட்டுது."

ஆட்களை நனையாமல் கொண்டுபோய்ச் சேர்ப்பதற்குத்தான் இந்தத் தொழிலில் சம்பளம் தருகிறார்கள். ஆனால் அந்தக் கோடையில் பத்திரமாய்ப் போய்ச் சேர்ந்தவர்களில் ஒருவருடைய முகமும் எனக்கு நினைவில்லை.