ஏழு காலைகளுக்கான பாயிண்டு

பாபநாசத்துக்குத் தெற்கே ஐந்து ஏக்கர் நஞ்சை வைத்திருக்கிற சிவசாமி எதையும் புதிதாக வாங்கிய ஆள் இல்லை. டிராக்டர் செகண்ட் ஹேண்ட். மோட்டார் சைக்கிள் செகண்ட் ஹேண்ட். கூடத்தில் கிடக்கிற சோபா, கும்பகோணத்தில் ஒரு டாக்டர் வீட்டைக் காலி செய்தபோது வண்டி ஏறி வந்தது. புதுசு வாங்குகிறவன் கடைக்காரனுக்கு மொய் எழுதுகிறான் என்பது அவர் கட்சி. அப்படிப்பட்டவர் ஐம்பத்தெட்டாவது வயதில் விடுமுறையையும் செகண்ட் ஹேண்டில்தான் வாங்கினார் என்றால், அதில் ஆச்சரியப்பட ஒன்றுமில்லை.

விற்றவர் தஞ்சாவூர் மெடிக்கல் காலேஜ் ரோட்டில் குடியிருந்த ஓய்வுபெற்ற பேங்க் மேனேஜர். சம்பா அறுவடை முடிந்ததும் சிவசாமி வருஷா வருஷம் அவர் வீட்டில் நாலு மூட்டை அரிசி கொண்டுபோய் இறக்குவது வழக்கம். அந்த வருஷம் போனபோது, மகனோடு ஆஸ்திரேலியாவில் இருக்கப் போவதாகவும் இனிமேல் அரிசி வேண்டாம் என்றும் மேனேஜர் சொன்னார். சொன்ன கையோடு வேறொன்றை எடுத்துக் காட்டினார். ஒரு விடுமுறை கிளப்பில் அவர் இருபத்தைந்து வருஷத்துக்கு உறுப்பினர். இன்னும் ஒன்பது வருஷம் பாக்கி இருந்தது. வருஷத்துக்கு இத்தனை பாயிண்டு என்று பெயரில் ஏறும். அதைக் கொடுத்து, அவர் பெயருக்கு ஒதுக்கியிருக்கிற ஊட்டி விடுதியில் தங்கலாம். ஊட்டி வேண்டாமென்றால் மூணாறு, குடகு என்று கிளப்பின் வேறு எந்த விடுதிக்கும் மாற்றிக்கொள்ளலாம். விலையோ, புது உறுப்பினர் கொடுப்பதில் பாதிகூட இல்லை. சிவசாமிக்குக் கால் தரையில் பாவவில்லை. ஒரே மாதத்தில் தன் பெயருக்கு மாற்றி வாங்கிவிட்டார்.

போனில் இருந்த படங்களை மனைவி சௌந்தரநாயகியிடம் காட்டினார். மலை, பனிமூட்டம், மரக்கூரை போட்ட வீடுகள். அவள் எல்லாவற்றையும் தள்ளித் தள்ளிப் பார்த்துவிட்டு ஒரே ஒரு கேள்வி கேட்டாள்.

"அங்க காலையில காப்பி யாருங்க போடுவாங்க?"

"அவங்கதான். ரூமுக்கே வரும். நீ எந்திரிக்கக்கூட வேண்டாம்."

"எந்திரிக்கவே வேண்டாமா?"

வேடிக்கைக்குக் கேட்கிறாள் என்று சிவசாமி சிரித்தார். அவள் சிரிக்கவில்லை. கல்யாணமாகி வந்த மறுநாள் காலை நாலரைக்கு எழுந்து அடுப்பைப் பற்றவைத்தவள் அவள். முப்பத்துநாலு வருஷமாக அந்த நாலரை மாறவில்லை. முதலில் மாமனாருக்குக் காப்பி, அப்புறம் பிள்ளைகளுக்குப் பள்ளிக்கூடச் சாப்பாடு, நடவு நாளில் வயலுக்குப் போகிற தூக்குவாளி. விறகு போய் கேஸ் வந்தது, மாமனார் போனார், மகள் வேலைக்குச் சென்னை போனாள், நாலரை மட்டும் நாலரையாகவே இருந்தது. வெளியில் அவள் ராத்தங்கியது மூன்றே தடவை. இரண்டு பிரசவம், சிவசாமிக்குக் குடல்வால் அறுவை சிகிச்சை. ஒரு வாரம், ஒரே ஒரு வாரம் எழுந்திருக்காமல் கிடக்க வேண்டும் என்பதுதான் அவளுக்கு. மலையாவது மஞ்சாவது.

ஆனால் வாங்கிய கொஞ்ச நாளிலேயே கிளப்பின் சாயம் வெளுத்தது. சித்திரை, வைகாசியில் வயலில் வேலை கிடையாது, போகலாம். அப்போதுதான் ஊர் உலகமே மலைக்குப் போகிறது, பாயிண்டு இரண்டு மடங்கு கேட்டார்கள். ஆனி, ஆடியில் குறைந்த பாயிண்டுக்கு அறை உண்டு. அப்போது மேட்டூர் திறந்து வாய்க்காலில் தண்ணீர் வந்துவிடும், குறுவை நடவை விட்டுவிட்டு எந்த விவசாயி ஊட்டிக்குப் போவான்? போதாததற்கு, கைமாறி வாங்கியவர்களுக்கு முன்பதிவு இரண்டு மாதம் முன்னால்தான் திறக்குமாம். முதலில் வாங்கியவர்களுக்கு ஒன்பது மாதம் முன்னாலேயே திறந்துவிடும். அவர்கள் அள்ளியது போக மிச்சம்தான் சிவசாமிக்கு. எழுதிக்கொடுத்த காகிதத்தில் இது இருந்தது. படிக்காதது சிவசாமியின் தப்பு. இப்படி இரண்டு வருஷம் போயிற்று.

மூன்றாம் வருஷம் ஆனி மாதம் சென்னையிலிருந்து மகள் அபிநயா கூப்பிட்டாள். கிளப் விவகாரம் எல்லாம் அவள்தான் பார்த்துக்கொண்டிருந்தாள். பழைய பாயிண்டெல்லாம் ஜூலை முப்பத்தொன்றோடு காலாவதி ஆகிறது, பயன்படுத்தாவிட்டால் அவ்வளவும் போச்சு என்றாள். அதற்குள் போவதற்கு இரண்டு இடம்தான் இருந்தது. மூணாறில் யாரோ வேண்டாமென்று விட்ட அறை, மூன்று ராத்திரி. இல்லாவிட்டால், சுவாமிமலைக்குப் பக்கத்தில் காவிரிக்கரையில் கிளப் புதிதாகச் சேர்த்திருக்கும் 'கிராமத்து விடுதி'. அங்கே இந்த மாதத்துக்குப் பாயிண்டு குறைவு, அதே பாயிண்டுக்கு ஏழு ராத்திரி.

மூணாறுதான் என்று சிவசாமி சொல்லி முடிப்பதற்குள் சௌந்தரநாயகி போனை வாங்கி, "ஏழா?" என்று மகளிடம் கேட்டாள். ஏழுதான் என்று உறுதி செய்துகொண்டு, அதையே போடச் சொன்னாள்.

சிவசாமிக்கு மானம் போய்விட்டது. வீட்டிலிருந்து பதினாலு கிலோமீட்டர். "சுவாமிமலை போறதுக்கு பாயிண்டு எதுக்குடி? டவுன் பஸ் போதுமே. ஊர்ல நாலு பேர் சிரிக்க மாட்டானா?"

"சிரிச்சுட்டுப் போறாங்க. மூணாறுல மூணு காலை, இங்க ஏழு காலை. எனக்கு ஏழு வேணுங்க."

கடைசியில் அவர் வாயை அடைத்தது நடவுதான். சுவாமிமலை என்றால் விடியற்காலையில் வண்டியை எடுத்து வயலுக்குப் போய்விட்டுச் சாயந்தரம் திரும்பிவிடலாம். ஊருக்குள் மூணாறு போகிறோம் என்று ஒரு பொய்யைச் சொல்லவும் வழியில்லை. மூணாறு போனவன் தினம் காலையில் சேற்றில் நிற்க முடியுமா? பசுமாட்டைப் பக்கத்து வீட்டு ஹலீமாவிடம் ஒப்படைத்துவிட்டு, இரண்டு பேரும் ஒரு பையோடு மோட்டார் சைக்கிளில் விடுமுறைக்குப் புறப்பட்டார்கள்.

விடுதியில் ஓட்டு வீடு, மாட்டுவண்டி, உரல் எல்லாம் இருந்தது. ஒரு அறை அளவுக்குச் சின்னதாக ஒரு வயலும் இருந்தது. பெங்களூர்க்காரர்கள் அதில் இறங்கி நாற்று நட்டு, சேறு பட்டதும் கூச்சல் போட்டார்கள். சிவசாமி அந்தப் பக்கமே திரும்பவில்லை.

முதல் நாள் காலை ஐந்து மணிக்கு அவர் வயலுக்குக் கிளம்ப எழுந்தபோது, சௌந்தரநாயகி குளித்து முடித்துக் கட்டில் ஓரத்தில் உட்கார்ந்திருந்தாள். உடம்பு நாலரைக்கே எழுப்பிவிட்டதாம். இரண்டாம் நாளும் அப்படித்தான். மூன்றாம் நாள் விடுதித் துண்டுகளையெல்லாம் மடித்து அடுக்கிவிட்டுச் செய்வதற்கு வேலை இல்லாமல் கைகளைப் பார்த்துக்கொண்டிருந்தாள். இதற்கா வந்தோம் என்று சிவசாமி சீண்டினார். அவள் துண்டுகளைப் பிரித்து மறுபடியும் மடிக்க ஆரம்பித்தாள்.

நாலாம் நாள் சாயந்தரம் விடுதி மேலாளர் வந்தார். மேடம் உள்ளூர்க்காரர் என்று கேள்விப்பட்டாராம். மறுநாள் காலையில் வந்தவர்களுக்கு விறகடுப்பு மூட்டிப் பொங்கல் வைத்துக் காட்டினால், இரண்டு ராத்திரி கூடுதலாகத் தங்கிக்கொள்ளலாம், பாயிண்டு வேண்டாம் என்றார். இலவசம் என்றதும் சிவசாமிக்குத் தலை தானாக ஆடிவிட்டது. அதுக்கென்ன, வருவாள் என்று சொல்லி அனுப்பிவிட்டார்.

சௌந்தரநாயகி முடியாது என்றாள்.

"அரை மணி நேரம்தானே. தினம் செய்யிறதுதானே?"

"தினம் செய்யிறதுதாங்க," என்றாள் அவள். "அதனாலதான் சொல்றேன். இந்த ஏழு நாள விட்டுருங்க."

சிவசாமி மேலாளரிடம் போய் இல்லை என்று சொல்லிவிட்டு வந்தார். மூக்கறுபட்ட கோபத்தில் ராத்திரி ஒரு வார்த்தை பேசவில்லை. அவளும் பேசவில்லை. மறுநாள் ஐந்து மணிக்கு அவள் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்திருந்தாள். அவளுக்குக் கோபம் இன்னும் போகவில்லை என்று நினைத்துக்கொண்டு அவர் சத்தம் காட்டாமல் கிளம்பிவிட்டார்.

வயலில் எட்டு மணிக்கு உரம் வேண்டியிருந்தது. உர அறைச் சாவி எங்கே என்று கேட்க அவளைக் கூப்பிட்டார். மணி அடித்துக்கொண்டே இருந்தது, எடுக்கவில்லை. மறுபடியும் கூப்பிட்டார். மூன்றாம் தடவையும் எடுக்கவில்லை. இரண்டாவது மணிக்குள் எடுக்காமல் அவள் இருந்ததே கிடையாது. அவளுக்குப் பிரஷர் வேறு உண்டு. மாத்திரை போட்டாளா என்று கேட்கக்கூட இல்லையே, பொங்கலுக்காகச் சண்டை போட்டோமே என்று அடித்துக்கொண்டது மனசு. கால் கழுவக்கூட நிற்காமல் வண்டியை எடுத்தார். பதினாலு கிலோமீட்டரும் அவர் வேண்டாத தெய்வமில்லை.

முழங்கால்வரை சேறோடு வந்து நின்றவரைப் பார்த்து மேலாளரும் பயந்துபோய், மாற்றுச் சாவியை எடுத்துக்கொண்டு கூடவே ஓடி வந்தார். கதவைத் திறந்தார்கள்.

சௌந்தரநாயகி தூங்கிக்கொண்டிருந்தாள். மூச்சு சீராக ஏறி இறங்கியது. மணி எட்டே முக்கால், ஜன்னல் வழியாக வெயில் முகத்திலேயே விழுந்திருந்தது, அதுகூட அவளுக்குத் தெரியவில்லை. போன் தலைமாட்டில் கிடந்தது. சிவசாமிக்கு முதலில் போன உயிர் திரும்பி வந்தது. அப்புறம்தான் அவள் முகத்தைப் பார்த்தார். வாய் லேசாகத் திறந்து, புருவம் சுருக்கமில்லாமல், யாரோ சின்னப் பெண் மாதிரி இருந்தாள். அந்த முகம் அவருக்குப் புதிது. ராத்திரி அவர் படுக்கும்போது அவள் பாத்திரம் கழுவிக்கொண்டிருப்பாள், காலையில் அவர் கண் திறக்கும்போது காப்பி தயாராக இருக்கும். ஆஸ்பத்திரியில்கூட உட்கார்ந்தே இருந்தவள் அவள்தான். முப்பத்துநாலு வருஷத்தில் அவள் தூங்கி அவர் பார்த்ததில்லை. இந்தத் தூக்கம் வர அவள் உடம்புக்கு நாலு நாள் பிடித்திருக்கிறது. மூணாறு போயிருந்தால் முந்தாநாளே ஊர் திரும்பியிருப்பார்கள்.

மேலாளர் கிசுகிசுப்பாக, "காப்பி அனுப்பட்டுமா சார், எழுப்பலாமா?" என்றார்.

"வேண்டாங்க. எழுப்பாதீங்க."

சத்தம் வராமல் கதவைச் சாத்திவிட்டு சிவசாமி வாசலில் நின்றார். கண்ணில் நீர் முட்டியது, அதை அவர் மறைக்கவும் இல்லை. இன்னும் இரண்டு காலைதான் பாக்கி. பிறகு மேலாளரிடம் கேட்டார்.

"அந்த ரெண்டு ராத்திரி இருக்கு பாருங்க. அவ செய்ய வேண்டாம். உங்க வயல்ல எறங்கி நாத்து நட நான் கத்துக்குடுக்கிறேன். அதுக்குத் தருவீங்களா?"