முதல் வாயிலேயே நான் திருப்பி அனுப்பப் பார்த்த இத்தாலிய ஒயின்

போன நவம்பரில் ஒரு சனிக்கிழமை, ஷார்ஜா முவைலாவிலிருந்து ராஸ் அல் கைமா வரைக்கும் ஒரு பாட்டில் ஒயினுக்காகப் போய் வந்தேன். நான் ஒயின் ரசிகனெல்லாம் இல்லை. ஏசி மெக்கானிக், குளச்சல்காரன். எங்கள் பக்கம் ஒயின் என்றால் கிறிஸ்துமஸுக்குச் சர்க்கரையும் கிராம்பும் போட்டு வீட்டில் ஊறவைப்பதுதான். கேக்கோடு குடித்தால் தித்திப்பாக இறங்கும்.

போனதற்குக் காரணம் என் மனைவியின் தம்பி செல்வின். அங்கே ஒரு கடற்கரை ஓட்டலில் ஆறு வருடமாக வெயிட்டர். ஒயின் பரிமாறுவதற்கென்றே உள்ள வேலை ஒன்று காலியாகியிருந்தது. இத்தாலியிலிருந்து ஒரு ஒயின் குடும்பத்தார் வருகிறார்கள், அந்த மதிய விருந்தை நீ ஒழுங்காக நடத்தினால் வேலை உனக்கு, சொதப்பினால் வெளியாள் வருவான் என்று மேனேஜர் சொல்லிவிட்டார். தைரியத்துக்கு நம்ம ஆள் ஒருத்தர் இருக்கட்டும் என்று செல்வின் என்னைக் கூப்பிட்டான். நல்ல ஆளைக் கூப்பிட்டான் போங்கள்.

காரை எடுக்கவில்லை. இந்த நாட்டில் ஒரு சொட்டு குடித்துவிட்டு ஸ்டியரிங்கைத் தொட்டாலும் வம்புதான். முவைலாவிலிருந்து ஜுபைல் பஸ் நிலையத்துக்கு டாக்ஸி 28 திர்ஹாம். 9.30 பஸ்ஸுக்கு 27 திர்ஹாம், ஒன்றேகால் மணி நேரம். இறங்கியபின் ஓட்டலுக்கு 14 கிலோமீட்டர், டாக்ஸி 30 திர்ஹாம். பெஷாவர்க்கார டிரைவர், எதற்குப் போகிறாய் என்று இந்தியில் கேட்டார். ஒயினுக்கு என்று அவரிடம் சொல்லக் கூச்சமாக இருந்தது. "கானா, பாய்" என்று சாப்பாட்டின் மேல் பழியைப் போட்டேன். "அச்சா, பிரியாணி!" என்று அவர் சந்தோஷப்பட்டார்.

விருந்து 12.30க்கு. ஊழியரின் உறவினர் என்பதால் எனக்கு 180 திர்ஹாம், மற்றவர்களுக்கு இரண்டு மடங்கு. பக்கத்து மேசையில் அந்த இத்தாலியக் குடும்பத்தின் மகள், ஐம்பது வயதிருக்கும். உம்ப்ரியா மலைப்பகுதியில் மூன்று தலைமுறையாக அவர்களே திராட்சை வளர்த்து அவர்களே ஒயின் செய்கிறார்கள். திராட்சையின் பெயர் சாக்ரன்டீனோ. கறுப்புக்குப் பக்கத்தில் போகும் சிவப்பு.

செல்வின் ஊற்றினான். நான் கிறிஸ்துமஸ் பழக்கத்தில் ஒரு பெரிய வாயாக இழுத்தேன். நாக்கும் ஈறும் ஒட்டிக்கொண்டன. துளி இனிப்பில்லை.

"எலேய், இது கெட்டுப்போச்சுடே!" தமிழில் சொல்லியிருந்தாலாவது தப்பித்திருப்பேன். மேனேஜர் திரும்பிப் பார்த்ததும் இங்கிலீஷிலும் சொல்லித் தொலைத்தேன்.

மேனேஜர் ஓடி வந்தார். மன்னிப்புக் கேட்டுக்கொண்டே பாட்டிலை மாற்றச் சொன்னார். செல்வின் முகம் வெளிறிவிட்டது. அவனுடைய ஆறு வருட உழைப்பை ஒரே வாயில் கவிழ்த்துவிட்டேனே!

செல்வின் கொஞ்சம் ஊற்றி மோந்தான், நாக்கில் வைத்துப் பார்த்தான். "பாட்டில் நல்லா இருக்கு சார். மாத்த வேண்டாம்" என்று மேனேஜரிடமே சொன்னான், அதுவும் அந்த இத்தாலிய அம்மாவின் காது கேட்க. பிறகு என் பக்கம் குனிந்தான். "அத்தான், நாவப்பழம் தின்னா நாக்கு இழுக்கும்லா? அந்தத் துவர்ப்புதான் இது. அரை மணிக்கூறு சும்மா இரிங்க. ஆட்டுக்கறி வரட்டு. ஒரு துண்டு தின்னுட்டு, சின்ன வாயா குடிங்க, கேட்டியளா?"

அரை மணி நேரம் கிளாஸைத் தொடவில்லை. கறி வந்தது. கொழுப்புள்ள ஒரு துண்டு, பிறகு ஒரு சின்ன வாய். அதே ஒயின்தானா என்று கிளாஸைத் தூக்கிப் பார்த்தேன். துவர்ப்பு கறியின் கொழுப்பைத் துடைத்துக்கொண்டு போனது. பின்னாலேயே பழ வாசனை, லேசான மிளகுக் காரம். விழுங்கிய பிறகும் வாயை விட்டுப் போக மனமில்லாமல் நின்றது. முரட்டு ஒயின்தான், ஆனால் என்ன கம்பீரம்! வாய்விட்டுச் சிரித்துவிட்டேன்.

அந்த அம்மா எழுந்து வந்தார். அவரிடம் என்ன சொன்னாய் என்று என்னைக் காட்டிச் செல்வினிடம் கேட்டார். அவன் நாவல்பழக் கதையை இங்கிலீஷில் சொன்னான். "எங்கள் ஊரிலும் முன்பு இதை இனிப்பாகத்தான் செய்தார்கள். பண்டிகைக்குக் குடிப்பது" என்றார் அவர். "இனிப்பில்லாமல் அப்பா முதல்முதலாகச் செய்தபோது, கெட்டுப்போய்விட்டது என்று தாத்தாவும் கத்தினாராம்." என் தோளில் ஒரு தட்டுத் தட்டிவிட்டு, மேனேஜர் கையிலிருந்த அடுத்த பாட்டிலை வாங்கிச் செல்வின் கையில் கொடுத்தார். மீதி மேசைகளுக்கு நீயே ஊற்று என்றார்.

போக நினைப்பவர்களுக்கு: நவம்பர் முதல் மார்ச் வரை நல்ல காலம். வெறும் வயிற்றோடு போகாதீர்கள். ரெட் ஒயினை அறையின் சூட்டில் வைக்கலாம் என்பது இந்த ஊருக்குப் பொருந்தாது, 18 டிகிரி போதும், இது ஏசிக்காரன் வாக்கு. ஷார்ஜாவில் மதுவுக்கே தடை, அதனால் ஆசைப்பட்டு ஒரு பாட்டிலைப் பையில் போட்டுக்கொண்டு வராதீர்கள். நான் செல்வின் ரூமில் தங்கி, மறுநாள் காலை பத்து மணி பஸ்ஸில் வெறுங்கையோடு திரும்பினேன்.

செவ்வாய்க்கிழமை செல்வின் போன் செய்தான். "வேல கெடச்சிட்டு அத்தான்!" எனக்குக் கண் கலங்கிவிட்டது. "இன்னொண்ணு, மேனேஜர் ஒங்கள அடுத்த மாசமும் வரச் சொல்லுகாரு. புதுசா சேர்ந்த பயலுவளுக்கு ட்ரெயினிங் குடுக்கணுமாம். நல்ல பாட்டிலத் திருப்பி அனுப்புத ஆளு அவருக்கு வேற எங்கயும் கெடைக்கலயாம்."