பதின்மூன்று நாள் லீவு

போன திங்கட்கிழமை காலை தேயிலைத் தோட்டக் கங்காணி முருகையா என் வீட்டுக்கு வந்தார். மலேசிய மலையூரான ரிங்லெட்டின் கடைத்தெருவிலிருந்து என் வீட்டுக்கு முப்பத்தொரு படி. மூச்சு வாங்கியது அவருக்கு. கூடவே தீபக் — நாலு வருஷமாக அவரிடம் கொழுந்து வெட்டும் நேப்பாளி. உள்ளே வராமல் வாசலிலேயே நின்றான்.

அன்று விடியற்காலை அவன் அப்பா ஊரில் இறந்துவிட்டார். எரிப்பதற்குள் போய்ச் சேர முடியாது. ஆனால் அவர்கள் வழக்கப்படி மகன் பதின்மூன்று நாள் வெள்ளை கட்டி, உப்பில்லாமல் ஒருவேளை மட்டும் தானே சமைத்துச் சாப்பிட்டு, யாரையும் தொடாமல் உட்கார வேண்டும். தோட்டத்துத் தொழிலாளர் லயத்து அறையிலேயே உட்காரப் போகிறான். தோட்டத்து ஆட்களுக்கு மனு எழுதிக் கொடுப்பவன் நான்; மானேஜர் துரைக்கு லீவுக் கடிதம் எழுத வேண்டியது என் வேலை.

"ரெண்டு நாளுக்கு மேல சொல்லாம வரலன்னா வேல போயிரும்லா ஐயா. அப்புறம் பெர்மிட்டும் போயிரும்" என்றார் முருகையா.

சட்டத்தைத் தேடினேன். பெற்றோர் இறந்தால் தைவானில் எட்டு நாள். பிரான்ஸில் மூன்று. பிரேசிலில் இரண்டு. நேப்பாளத்தில்? சரியாகப் பதின்மூன்று!

நம் மலேசியாவில்... பிள்ளை பிறந்தால் தாய்க்குத் தொண்ணூற்றெட்டு, தகப்பனுக்கு ஏழு. சாவுக்குச் சட்டத்தில் ஒரு நாளும் இல்லை. அது முதலாளியின் மனசைப் பொறுத்தது. வேலை எந்த நாட்டிலோ, சட்டமும் அந்த நாட்டினுடையது. துக்கம் மட்டும் சொந்த ஊர் முறைப்படி நடக்கிறது.

மிஞ்சியது வருடாந்தர லீவு. இரண்டு வருஷத்துக்குக் குறைந்த சர்வீஸ் என்றால் எட்டு நாள், ஐந்து வருஷத்துக்குள் பன்னிரண்டு, அதற்கு மேல் பதினாறு. தீபக்குக்குப் பன்னிரண்டு. இந்த வருஷம் ஒன்றையும் தொடவில்லை. ஆனால் தேவை பதின்மூன்று. மூன்று தடவை கணக்குப் போட்டேன். மூன்று தடவையும் ஒரு நாள் குறைந்தது.

முருகையா சுவர்க் காலண்டரைப் பார்த்தார்.

"படியெல்லாம் எண்ணுவீங்க. நடுவுல ஒரு ஞாயித்துக்கிழம வருதே... அத விட்டுட்டீங்களே ஐயா?"

வாராந்தர ஓய்வு நாள் லீவில் சேராது. கணக்குச் சரியாக உட்கார்ந்தது. எழுதிக் கொடுத்த கடிதத்தைக் கங்காணி போனில் படம் பிடித்து அனுப்பினார். எட்டாவது நிமிஷம் துரையிடமிருந்து 'ஓகே' வந்தது.

எனக்குத் திருப்தி. படி இறங்கப் போன தீபக்கிடம் கேட்டேன் — ஒரு நாள்கூட எடுக்காமல் எதற்கப்பா வைத்திருந்தாய்?

"தசைன் பண்டிகைக்கு ஊருக்குப் போவ சேத்து வச்சேன் சார். அப்பாவப் பாக்க."

பன்னிரண்டு நாளும் அப்பாவுக்கே போயின.