கரட்டு மருந்து

போன வாரம் கண் காட்டப் போனேன். நர்ஸ் பிள்ளை ரெண்டு சொட்டு விட்டு, "மரத்துப் போகும்மா, கசக்கிறாதீங்க" என்றாள். "நீ பொறக்க முந்தியே தெரியும் தாயி" என்றேன். சிரித்தாள். நம்பவில்லை. நீங்களாவது நம்புங்கள்.

தேவிகுளம் பக்கம் தேயிலை எஸ்டேட்டில் நான் கொழுந்து பறித்த எழுபதுகள். செடிகளை மட்டமாகக் கவாத்து வெட்டும் மாதங்களில் குச்சி பொறுக்கப் போனால் சிராய் தெறித்துக் கண்ணில் விழும். டிஸ்பென்சரி என்றால் பினாயில் வாடை, ஒரு பெஞ்சு, மலையாளத்துக் கம்பவுண்டர். இமையைத் தூக்கிப் பார்த்து, "கண்ணில் கரடு" என்பார். அவர் பாஷையில் அது தூசி. நமக்குக் கரடு என்றால் கல்லும் முள்ளுமான குன்று. "ஏட்டி, கண்ணுக்குள்ள மலையே விழுந்துட்டாம்லா" என்று பக்கத்து லைன் வீட்டுச் செல்லக்கனி சிரிப்பாள்.

அவர் விடும் சொட்டுக்குக் கரட்டு மருந்து என்று பேர் வைத்தோம். கரட்டைக் கரைக்கிற மருந்து என்று நினைப்பு. அரை நிமிஷத்தில் நோவு பறந்துவிடும், யார்தான் நம்பமாட்டார்கள்? சூப்பர்வைசருக்கும் அதுதான் வசதி. "நோவு போச்சுல்ல, காட்டுக்குப் போ" என்பார்.

செல்லக்கனி ஒரே சிராய்க்கு மூன்று நாள் சொட்டு விட்டுக்கொண்டு வேலைக்குப் போனாள். நோவு திரும்பும்போதெல்லாம் புதுக்கரடு என்று நினைத்தாள். கருவிழியில் வெள்ளை விழுந்தது. அப்புறம் அந்தக் கண்ணுக்கு உலகமே புகைதான்.

அடுத்த கவாத்தில் எனக்கு வலது கண். சொட்டு விட்டதும் நோவு போயிற்று. வாசலில் சூப்பர்வைசர்.

"எந்திரி பிள்ள."

"நோவு போச்சுய்யா. சிராய் போகல. எடுக்கச் சொல்லுங்க."

"நீ என்ன டாக்டரா?"

"கண்ணு என்னோடதுய்யா."

தைரியசாலி என்று நினைக்காதீர்கள். செல்லக்கனி கண்ணில் விழுந்த வெள்ளையைப் பார்த்த பயம்தான். கம்பவுண்டர் மெல்ல, "டாக்டர் தன்னே எடுக்கணும், ஞான் எடுத்தால் சரியாகில்லா" என்றார். டாக்டர் இருந்தது மலைக்குக் கீழே பெரிய ஆஸ்பத்திரியில்.

உட்கார்ந்தே இருந்தேன். மருந்து தீர்ந்து நோவு வந்தது, ஊசி குத்துகிற மாதிரி. கம்பவுண்டர் பாவப்பட்டு மறுபடி சொட்டுப் புட்டியோடு வந்தார். முகத்தைத் திருப்பிக்கொண்டேன். "விடாதீங்க. நோவு இருந்தாத்தான் சூப்பர்வைசரு நம்புவாரு."

மதியம் செல்லக்கனி வந்து பக்கத்தில் உட்கார்ந்தாள். "இவள ஆஸ்பத்திரிக்கு அனுப்பினாத்தான் நான் காட்டுக்குப் போவேன்" என்றாள். அவள் பின்னாலேயே நாலைந்து பேர் வந்து உட்கார்ந்தார்கள். பெஞ்சு கொள்ளவில்லை. சூப்பர்வைசர் கொழுந்து லாரியில் என்னை ஏற்றச் சொன்னார்.

டாக்டரும் அதே சொட்டைத்தான் விட்டார். ஊசிமுனை கண்ணுக்கு நேரே வருவது தெரிந்தது, தொட்டது தெரியவில்லை. கடுகில் பாதிகூட இல்லை அந்தச் சிராய். "மருந்து நோவை மறைக்கத்தான்மா. எடுக்கிறது என் கை" என்றார். அந்த ஒரு வாக்கியத்தைப் பத்து லைனுக்கும் நானே சுமந்துபோய்ச் சொன்னேன். கரட்டு மருந்து என்று யாராவது சொன்னால், 'மறைக்கிற மருந்து' என்று திருத்தினோம். அதற்கப்புறம் சிராயை எடுக்க ஆஸ்பத்திரிக்கு அனுப்புகிறவரை எங்கள் பெண்கள் யாரும் பெஞ்சை விட்டு எழுந்திருக்கவில்லை.

இப்போது டிஸ்பென்சரி இருந்த இடத்தில் சுற்றுலாக்காரர்கள் கார் நிறுத்துகிறார்கள். கம்பவுண்டர் இல்லை, சூப்பர்வைசர் இல்லை. செல்லக்கனியும் இல்லை, எனக்கு வருத்தம் அவளுக்காக மட்டும்தான். கரட்டு மருந்து என்றால் லைனில் ஒருத்திக்கும் தெரியாது. மற்றதெல்லாம் தானாகப் போனது. அந்தப் பேரை நாங்கள் விரட்டினோம்.