மருந்து போடாத தோட்டா

பேரணாம்பட்டு அருகே என் நிலக்கடலையைக் காட்டுப்பன்றிகள் தின்றன. லைசென்ஸ் உள்ள பழைய துப்பாக்கிக்கு நானே தோட்டா செய்தேன். ஈயக்குண்டின் மேல் சுருக்கம் விழாமல் காகிதம் சுற்றுவதில் எனக்கு அபாரக் கர்வம்.

“இம்மாம் அழகா பீடி சுத்தினா சோறாவது கிடைக்கும்” என்றாள் மனைவி.

விடிகாலையில் புதர் அசைந்தது. குறிபார்த்துச் சுட்டேன். ‘டப்’ என்று சின்னச் சத்தம், குண்டு கிளம்பவில்லை.

புதரிலிருந்து பக்கத்து நிலத்துக்காரர் கோவிந்தசாமி ஆட்டுக்குட்டியோடு எழுந்தார். “நான்தான் சார்! குட்டி உள்ள பூந்துடுச்சு. இன்னா அது, பொம்மைத் துப்பாக்கியா?”

அவர் சிரித்தார். நான் தோட்டாவை எடுத்துப் பிரித்துப் பார்த்தேன். காகிதம் சுற்றிய மும்முரத்தில் குண்டைத் தள்ளும் கருமருந்தைப் போட மறந்திருந்தேன். என் கவனமெல்லாம் அவரைக் கொல்லத்தான் உழைத்திருக்கிறது, காப்பாற்றியது மறதி.

துப்பாக்கியை ஸ்டேஷனில் ஒப்படைத்துவிட்டேன். இப்போது புதர் அசைந்தால், “யாருங்க அது?” என்று மரியாதையாகக் கேட்கிறேன். பன்றிகள் பதில் சொல்லாமல் தின்கின்றன. தின்னட்டும்.