என் வீட்டுக்காரர் மருந்து கலந்த கடைசி நாள்

ஏலப்பாறைக்கு மேலே ஒரு தேயிலைத் தோட்டத்தில் என் வீட்டுக்காரர் கம்பவுண்டராக இருந்தார். பல தோட்டங்களுக்கும் சேர்த்து ஒரே டாக்டர். வாரம் ஒரு தடவை குதிரையில் வருவார். மற்ற நாளெல்லாம் காய்ச்சலோ புண்ணோ, எல்லாம் இவர் பொறுப்புதான். நான் அதே ஆஸ்பத்திரியில் கட்டுத்துணி வேகவைத்து உலர்த்தும் வேலை பார்த்தேன். அதனால்தான் மற்றவர்கள் பார்க்காதது என் கண்ணில் பட்டது.

முதலில் சின்ன விஷயங்கள்தான். மனப்பாடமாகச் சொல்லும் வேதாகமச் சங்கீதம் ஜெபத்தின் நடுவே நின்றுபோகும். கத்தரிக்கோல் என்ற சொல் வராமல், "அந்த வெட்டுறத எங்க வச்சளா?" என்பார். எடுத்துக் கொடுத்தால் கோபம் வரும். அதட்டிப் பேசியே அறியாத மனிதர். ஐம்பது வயதுகூட ஆகவில்லை. வேலைக் களைப்பு என்று என்னை நானே தேற்றிக்கொண்டேன்.

ஒரு மழைக்காலத்தில், காய்ச்சலில் துவண்ட பெண் குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டு கூலியாட்கள் குடியிருக்கும் லயத்திலிருந்து ஒருத்தி வந்தாள். கொடுக்க வேண்டியது கொயினா மருந்து. இவர் அலமாரியைத் திறந்து எடுத்தது நீலக் குப்பி. புண் கழுவத் தண்ணீரில் கலக்கும் கார்பாலிக் திராவகம் அதில் இருந்தது. அதைச் சின்னக் கண்ணாடிக் கிளாஸில் ஊற்றினார். ஆஸ்பத்திரி முழுக்க எப்போதும் அந்த நெடிதான் என்பதால் தாய்க்கு ஒன்றும் தோன்றவில்லை. இவர் குழந்தையின் தாடையைப் பிடித்து வாயைத் திறந்தார்.

கத்தினால் கை உதறி மருந்து வாயில் விழுந்துவிடும். சத்தமில்லாமல் போய் அவர் மணிக்கட்டைப் பிடித்தேன்.

"இருங்க. இது வேற குப்பி."

"கைய விடுளா. எனக்கே சொல்லித்தர வந்துட்டியோ?"

கிளாஸைப் பிடித்த பிடியை இறுக்கினார். குழந்தையின் உதட்டுக்கும் கிளாஸுக்கும் விரற்கடை இடைவெளிகூட இல்லை. உள்ளங்கையால் கிளாஸை மூடினேன். சிந்திய இடத்தில் தோல் வெளுத்து, தீப்பட்டதுபோல் எரிந்தது. அந்த வெளுப்பைப் பார்த்ததும்தான் அவர் கை தளர்ந்தது. கொயினாவை நானே ஊற்றிக் கொடுத்து அனுப்பினேன். அந்தத் தாய்க்கு நடந்தது எதுவும் புரியவில்லை.

டாக்டரிடம் சொன்னால் வேலை போகும், குடியிருக்கும் வீடும் போகும். சொல்லாவிட்டால் அடுத்து யார் பிள்ளையோ! அந்த வாரம் டாக்டர் குதிரையை விட்டு இறங்கியதுமே சொல்லிவிட்டேன்.

அவர் அதட்டவில்லை. மலையாளம் கலந்த தமிழில் கேள்விமேல் கேள்வி கேட்டார். தலையில் அடிபட்டதுண்டா? நினைவு தப்பிய காய்ச்சல்? குடி? எல்லாவற்றுக்கும் இல்லை என்றேன்.

"அவரோட அப்பனுக்கு?"

மாமனார் பெற்ற மகனையே யாரென்று கேட்டவர். ஊரில் பேய்க்கோளாறு என்றார்கள். அதைச் சொன்னேன்.

"அப்போ அவருக்கு என்ன பிராயம்?"

"இவுக வயசுதான் அய்யா."

"வேற ஒரு குடும்பத்திலயும் அப்பனுக்கும் மகனுக்கும் இதுபோலக் கண்டிட்டுண்டு. அதான் இத்தனயும் கேக்குறேன். இதுக்கு மருந்து என்கிட்ட இல்ல."

பிறகு இவரை உள்ளே கூப்பிட்டு, மேசைமேல் இருந்த பொருள்களின் பெயர்களைக் கேட்டார். இவர் சாவியை மட்டும் சொன்னார். மற்றவற்றை எதற்கென்று கையால் செய்து காட்டினார், பெயர் வரவில்லை. கடைசியில் டாக்டர் ஒரு குப்பியை நீட்டி, ஒட்டியிருந்த சீட்டை வாசிக்கச் சொன்னார். இவர் அதை மூக்கருகே கொண்டுபோனார்.

"எழுத்து கூடி வர மாட்டேங்குது அய்யா. ரொம்ப நாளா மோந்து பாத்துத்தான் கொடுத்தேன். அன்னைக்கு எனக்குச் சளி."

அவருக்குத் தெரிந்தே இருந்திருக்கிறது. பயத்தில் தனியாக மறைத்திருக்கிறார்.

அலமாரிச் சாவியை டாக்டரே அவர் இடுப்பிலிருந்து எடுத்துக்கொண்டார். தோட்டத்துத் துரையிடம் பேசிப் புண்ணுக்குக் கட்டுப்போடும் வேலையில் இவரை வைத்துக்கொள்ள ஏற்பாடு செய்தார். வீடு தப்பியது. மருந்து கொடுக்கப் புது ஆள் வந்தார். சில வருஷங்கள் அப்படி ஓடின. கட்டுப்போட வந்தவரின் பெயரை இவர் மூன்று முறை கேட்பார். கை மட்டும் தடுமாறாது.

அதுவும் முடியாமல் போனபோது மலையிறங்கி என் அண்ணன் வீட்டுக்குப் புறப்பட்டோம். வழியில், எங்கள் பெட்டியைச் சுமந்து வந்தவனின் காலில் அட்டை கடித்து ரத்தம் வழிந்தது. இவர் குனிந்து, தோளிலிருந்த துண்டைக் கிழித்துக் கச்சிதமாகக் கட்டினார். பிறகு நிமிர்ந்து, நாங்கள் எங்கே போகிறோம் என்று அவனிடமே கேட்டார்.