வலது காலின் சூடு

என் மகளின் இதயத்தில் ஒரு வால்வு ஒழுகுகிறது என்றார்கள். நெஞ்செலும்பைப் பிளக்காமல், வலது மார்பின் பக்கவாட்டில் சின்னதாகத் திறந்தே சரிசெய்துவிடலாம் என்றதும் என் மனைவிக்கு மூச்சு வந்தது. எனக்கு வரவில்லை. இதயத்தை நிறுத்தி வைத்திருக்கும்போது உடம்புக்கு ரத்தம் அனுப்புவது இயந்திரம். அந்த ரத்தத்தை வலது தொடை இடுக்கில் உள்ள தமனி வழியாக உள்ளே விடுவார்களாம்.

டாக்டர் ஸ்கேன் படத்தைத் திரையில் காட்டினார். "பொண்ணுக்கு இந்த ஆர்ட்டரி கொஞ்சம் சின்னது சார்."

கிள்ளானுக்குப் பக்கத்து ஊரான தெலுக் பங்லிமா காராங்கில் ஒரு தொழிற்சாலையில் பம்புகளையும் குழாய்களையும் பார்த்துக்கொள்பவன் நான். ஒரு குழாய்க்குள் இன்னொன்றை இறுக்கமாகச் செருகினால் அதற்குக் கீழே என்ன ஆகும் என்று எனக்குத் தெரியும்.

"அப்ப காலுக்கு எப்படி ரத்தம் போகும் டாக்டர்?"

"அதான், நேரா உள்ள விடப் போறதில்ல. ஆர்ட்டரி பக்கத்துல ஒரு துணிக் குழாய தச்சு, அது வழியா விடுவோம். மேலயும் போகும், கீழயும் போகும். சரிப்படலன்னா கழுத்தெலும்புக்குக் கீழ ஒரு ஆர்ட்டரி இருக்கு."

"தச்ச எடத்துல லீக் ஆனா?"

"அப்பா," என்றாள் மகள், "டாக்டருக்கே பிளம்பிங் கிளாஸ் எடுக்காதீங்க லா."

டாக்டர் சிரித்தார். நானும் சிரித்து வைத்தேன்.

தீபாவளி முடிந்த கையோடு ஆஸ்பத்திரியிலிருந்து திடீரென்று கூப்பிட்டார்கள். ஆபரேஷனுக்கு நாள் குறித்திருந்த வேறொருவருக்குக் காய்ச்சல், இடம் காலியாகிவிட்டது. நகப்பூச்சை அழித்துவிட்டு வரச் சொன்னார்கள், அழித்தாள். கையிலும் கால் நகங்களிலும் பண்டிகைக்கு வைத்த மருதாணி செக்கச் செவேலென்று இருந்தது. அதை நாங்கள் பூச்சுக் கணக்கில் சேர்ப்பதே இல்லை.

அவளை உள்ளே கொண்டுபோன பிறகு என்னால் உட்கார முடியவில்லை. மனைவியை அங்கேயே விட்டுவிட்டுப் பிரிக்பீல்ட்ஸ் வரை நடந்தேன். அங்கே ஒரு கடையில் தே தாரேக் டீ சொன்னேன். அது வருவதற்குள் போன் அடித்ததுபோலத் தோன்ற, எழுந்து திரும்ப ஓடினேன். போன் அடிக்கவில்லை.

மதியத்துக்குப் பிறகு டாக்டர் வெளியே வந்து, வால்வு நன்றாக மூடுகிறது என்றார். தீவிர சிகிச்சைப் பிரிவில் மகள் இன்னும் மயக்கத்தில் இருந்தாள். தமிழ் நர்ஸ் ஒருத்தி போர்வையைக் கால்பக்கம் விலக்கி, வலது கட்டைவிரல் நகத்தை அமுக்கி அமுக்கிப் பார்த்தாள்.

"அங்கிள், யாரு இவ்ளோ செவப்பா மருதாணி வச்சது? அமுக்குனா வெளுத்து, விட்டா செவக்கணும். இதுல ஒன்னுமே தெரியல."

"ஏன் மிஸ்ஸி, கால்ல ஏதாச்சும்..."

"கொஞ்சம் ஜில்லுனு இருக்கு. பயப்படாதீங்க."

நான் இரண்டு பாதங்களையும் தொட்டேன். இடது பாதம் வெதுவெதுப்பாக இருந்தது. வலது பாதம் அந்த அறையின் தரையைப்போல இருந்தது.

ரத்தம் ஓடும் சத்தத்தைக் கேட்க, நர்ஸ் பேனா மாதிரி ஒரு கருவியைக் கொண்டுவந்து, பாதத்தின் மேல் பசை தடவி வைத்தாள். வெறும் கரகரப்பு. சற்று நகர்த்தினாள். மறுபடியும் கரகரப்புதான். படுக்கையின் கம்பியைப் பிடித்துக்கொண்டேன். இன்னும் கொஞ்சம் நகர்த்தினாள். உஷ்... உஷ்... என்று கேட்டது. சத்தத்தை வைத்தே எத்தனையோ பம்புகளுக்குப் பழுது சொன்னவன், அன்று என் காதை நான் நம்பவில்லை.

"இதுதானா?"

"இதேதான் அங்கிள். ரத்தம் நல்லா ஓடுது."

டாக்டரும் வந்து கேட்டுப் பார்த்து, தலையசைத்தார். சாயங்காலத்துக்குள் அந்தக் கால் சூடேறியது.

மகள் இப்போது வேலைக்குத் திரும்பிவிட்டாள். காலையில் கிள்ளான் ரயில் ஸ்டேஷனில் இறக்கிவிட்டு, படியில் அவள் ஏறும்போது காரிலிருந்து அவளுடைய வலது காலையே பார்க்கிறேன். பின்னால் இருக்கும் கார்கள் ஹார்ன் அடிக்கின்றன. வீட்டில் அவள் சோபாவில் காலை நீட்டினால் போதும், என் கை தானாகப் போய்விடுகிறது.

"ரெண்டும் சூடாத்தான்பா இருக்கு," என்றாள் நேற்று. "ஒங்க கைதான் ஜில்லுனு இருக்கு."

காலை இழுத்துக்கொள்ளாமல் போனைப் பார்த்துக்கொண்டிருந்தாள். நான் இடது காலையும் ஒருமுறை தொட்டுப் பார்த்தேன்.